மடித்தால் முயலாகும் ஜாக்கெட்: வாங்குவதா, தைப்பதா?

"நாலு வயது மகளுக்கு ஆன்லைனில் ஒரு ஜாக்கெட் பார்த்தேன். கழற்றி மடித்தால் முயல் பொம்மையாகிவிடுமாம், தலையணையாகவும் வைத்துக்கொள்ளலாமாம். நாங்கள் கோவையில் இருக்கிறோம், வருடத்துக்கு இரண்டு முறை ரயிலில் ஏ.சி. பெட்டியில் தூரப் பயணம் உண்டு. வாங்கலாமா, இல்லை உள்ளூர் டெய்லரிடம் கொடுத்துத் தைக்கலாமா? வீட்டில் எட்டு மாதத் தம்பியும் இருக்கிறான், அவன் தலைக்கும் வைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வைக்காதீர்கள். ஒரு வயது முடியும்வரை குழந்தை தூங்கும் இடத்தில் தலையணை, பொம்மை, தளர்வான போர்வை எதுவும் கூடாது என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பல வருடங்களாகச் சொல்லிவருவது. மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், படுக்கை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். பஞ்சு போன்ற துணியில் முகம் புதைந்தால் மூச்சு அடைக்கும், அந்த வயதுப் பிள்ளை தானே திருப்பிக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. அக்காவின் முயல் அக்காவின் படுக்கையிலேயே இருக்கட்டும்.

இனி மகள் விஷயம். நான் திருப்பூரில் முப்பது வருடங்களுக்கு மேலாகக் குழந்தைகள் உடுப்புக்குப் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவு வடிவம், போடுகிறவன். இந்த மாதிரி உருமாறும் உடுப்பு ஒன்றுக்கு சாம்பிள் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட அனுபவமும் உண்டு. சுருக்கமாக என் கருத்து இது: உடுப்பாக நன்றாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். பொம்மையைப் பார்த்து மயங்கி வாங்கினால், சட்டையாகவும் ஆகாத பொம்மையாகவும் ஆகாத ஒரு துணி மூட்டை அலமாரியில் உட்கார்ந்திருக்கும். அதற்கான காரணங்களைத்தான் கீழே விரித்துச் சொல்லப்போகிறேன்.

யோசனை புதிதல்ல. 1965இல் பாரிஸில் லியோன்-க்ளோட் துஹாமெல் என்பவர் கொண்டுவந்த 'கே-வே' மழை ஜாக்கெட்டைத் தன் பைக்குள்ளேயே சுருட்டித் திணித்து இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். 1986இல் மேட்டல் நிறுவனம் விற்ற 'பாப்பிள்ஸ்' பொம்மைகள் தம் முதுகில் இருக்கும் பைக்குள் தாமே சுருண்டு பந்தாகிவிடும். 2003இல் ஜெனிஃபர் டெல்ஃபர் என்ற அமெரிக்கத் தாய், மகன் பொம்மையை நசுக்கி நசுக்கித் தலைக்கு வைத்துக்கொள்வதைப் பார்த்து 'பில்லோ பெட்ஸ்' தொடங்கினார். வெல்க்ரோ பட்டையைப் பிரித்தால் தட்டைத் தலையணை, ஒட்டினால் நாலு காலில் நிற்கும் மிருகம். பிறகு 'கப்கோட்ஸ்' என்ற அமெரிக்க நிறுவனம் பொம்மையைக் குல்லா வைத்த ஜாக்கெட்டான ஹூடியோடு சேர்த்தது. நீங்கள் பார்த்திருப்பது அந்த வழியில் வந்த ஏதோ ஒன்றாக இருக்கும்.

நம்மிடமும் இல்லாமல் இல்லை. கைக்குட்டையை மடித்து, இரண்டு முனையை இழுத்து, எலி செய்து உள்ளங்கையில் வைத்து விரலால் உந்தி ஓடவிடும் வித்தையை யாராவது ஒரு மாமா செய்து காட்டாத குடும்பம் உண்டா? தோளில் கிடக்கும் துண்டு வெயிலுக்குத் தலைப்பாகை, பாரத்துக்குச் சும்மாடு, மர நிழலில் தலையணை. ஆனால் துண்டுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அதற்குக் கையும் கிடையாது, கழுத்தும் கிடையாது. உருமாறும் ஜாக்கெட்டின் கஷ்டம் எல்லாம் அந்தக் கையிலும் கழுத்திலும்தான் இருக்கிறது.

நான் கையைச் சுட்டுக்கொண்ட கதைக்கு வருகிறேன். ஆர்டர் கொடுத்து உடுப்பு வாங்கும் ஒரு பையருக்காக (buyer) முயல் ஹூடி சாம்பிள் கேட்டார்கள். நாலு வயது அளவு. முன்னால் வயிற்றருகே கங்காரு பாக்கெட். அதற்குள் மொத்த ஹூடியையும் திணித்து ஜிப் போட்டால் முயல் வந்துவிட வேண்டும். பாக்கெட் அளவு டிசைன் ஷீட்டில் 18 சென்டிமீட்டர் சதுரம். வெட்டித் தைத்தாயிற்று. திணித்தால் பாதி ஹூடி உள்ளே போகிறது, மீதிப் பாதி வெளியே நாக்கைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. மெஷினில் தைத்த டெய்லர் முழங்காலை வைத்து அழுத்தி ஜிப்பை இழுத்தார். ஜிப் மூடியது. முயல் வரவில்லை, கல் மாதிரி கெட்டியாக ஒரு கொழுக்கட்டை வந்தது. பிறகு பல்லும் பிரிந்துவிட்டது.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதலிலேயே போட்டிருக்க வேண்டியது. இந்த உடுப்பில் உள்ளே அடைக்கத் தனிப் பஞ்சு கிடையாது, துணிதான் பஞ்சு. நாலு வயது ஹூடிக்கு உடம்பு, கை, குல்லா எல்லாம் சேர்த்து முக்கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் துணி போகும். ஸ்வெட்டர் போல மெத்தென்ற ஃப்ளீஸ் துணி, 280 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 280 கிராம்) என்றால் எடை ஏறக்குறைய 200 கிராம். அந்தத் துணி அழுத்தாமல் கிடக்கும்போது கனம் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. 18 சென்டிமீட்டர் சதுரப் பை ஒன்றை முட்ட முட்ட நிரப்பினாலும் ஒரு லிட்டர் சொச்சம்தான் கொள்ளும். 22க்கு 24 என்று பெரிதாக்கினால் இரண்டேகால் லிட்டர் வரை வாங்கும். அந்த அளவில் அடுத்த சாம்பிள் போட்டோம். முயல் முயலாக வந்தது. ஆனால் நாலு வயதுப் பிள்ளையின் நெஞ்சகலமே துணியில் 36 சென்டிமீட்டர்தான், அதில் 24 சென்டிமீட்டரைப் பாக்கெட் எடுத்துக்கொண்டது. போட்டுப் பார்த்தால் கண்டக்டர் பையை முன்னால் மாட்டியது போல இருந்தது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் மெல்லிய டீ-ஷர்ட் ஏன் தலையணையாகாது என்பதும் தெரிந்துவிடும். அரைக்கை பனியன் துணி டீ-ஷர்ட் ஒன்றின் மொத்தக் கன அளவே இரண்டு டீ கிளாஸுக்குள் அடங்கும். 'டீ-ஷர்ட் தலையணை' என்று யாராவது விற்றால் உள்ளே வேறு பஞ்சு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பஞ்சு உடுத்தும்போது எங்கே போகும் என்று கேளுங்கள். பெரும்பாலும் பிள்ளையின் முதுகில்தான் போகும்.

அடுத்த சிக்கல் முகம். பாக்கெட்டுக்குள் உடுப்பைத் திணித்து உள்புறத்தை வெளியே புரட்டும்போது, பாக்கெட்டின் உள்பக்கம்தான் பொம்மையின் தோலாகிறது. ஆக, முயலின் கண், மூக்கு எம்பிராய்டரியை எல்லாம் பாக்கெட்டின் உள்பக்கத்தில் போட வேண்டும். போட்டால் எம்பிராய்டரியின் பின்பக்கம், அடியில் ஓடும் பாபின் நூல் முடிச்சோடு, பிள்ளை உடுத்தியிருக்கும்போது ஊருக்குத் தெரியும். அதை மறைக்கப் பாக்கெட்டுக்கு இன்னொரு அடுக்கு துணி கொடுக்க வேண்டும். காது இரண்டும் உடுத்தும் நேரத்தில் பாக்கெட்டுக்குள் மடங்கிக் கிடந்து வயிற்றில் உறுத்தும். நல்ல தயாரிப்புகளில் பொம்மையின் தலையை வயிற்றில் வைக்காமல் குல்லாவிலேயே வைத்துவிடுவதற்குக் காரணம் இதுதான். குல்லாவில் காது இருந்தால் உடுத்தும்போதும் அழகு, மடித்தாலும் அதுவே தலை. ஆன்லைனில் படம் பார்க்கும்போது இந்த ஒன்றை முதலில் கவனியுங்கள்: பொம்மையின் தலை, உடுத்தும்போது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது?

ஜிப்பையும் பாருங்கள். ஜிப்பில் மேலும் கீழும் ஓடும் துண்டுதான் ரன்னர். சாதாரண ரன்னருக்கு இழுக்கும் நாக்கு ஒரு பக்கம்தான் இருக்கும். உள்புறம் வெளியே வந்ததும் நாக்கு உள்ளே மாட்டிக்கொள்ளும், பிள்ளையால் திறக்க முடியாது. இரண்டு பக்கமும் நாக்கு உள்ள ரன்னர், அல்லது நாக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சுழன்று வரும் ரன்னர் போட்டிருக்க வேண்டும். விலை வித்தியாசம் அற்பம். ஆனாலும் மலிவு சரக்கில் முதலில் கைவைப்பது இங்கேதான். கழுத்துவரை ஏறும் ஜிப்பானால், மேல் நுனியில் ரன்னர் ஒளிந்துகொள்ள ஒரு சின்னத் துணி மடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் தாடைச் சதையைக் கவ்வும். ஒரு தடவை கவ்வினால் அப்புறம் அந்த ஜாக்கெட்டை அந்தப் பிள்ளைக்கு யாராலும் போட முடியாது.

வெல்க்ரோவைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. நாலு முறை துவைத்தால் சொரசொரப் பக்கம் வீட்டிலுள்ள பிசிறை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு ஒட்ட மறுக்கும். போதாததற்கு ஃப்ளீஸையும் சுரண்டி உருண்டை உருண்டையாக்கும்.

இப்போது பாதுகாப்பு. இது பெரிய விஷயம், இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இந்த மாதிரி பொருள் உடுப்புக்கான பரீட்சையிலும் பாஸாக வேண்டும், பொம்மைக்கான பரீட்சையிலும் பாஸாக வேண்டும். இரண்டும் வேறு வேறு பாடம்.

உடுப்புப் பாடத்தில் முக்கியமானது கயிறு. அமெரிக்காவில் ஹூடியின் கழுத்துக் கயிறு சறுக்கு மரத்தில் மாட்டியும், இடுப்புக் கயிறு பள்ளிப் பேருந்துக் கதவில் சிக்கியும் பிள்ளைகள் இறந்த பிறகு, 1996இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் கொடுத்தது. 2011இல் அதை விதியாகவே ஆக்கினார்கள். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு அளவு வரை மேலுடுப்பின் கழுத்திலோ குல்லாவிலோ இழுகயிறு இருந்தால் அது ஆபத்தான பொருள். ஐரோப்பாவின் இ.என். 14682 தரமும் ஏழு வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குக் குல்லாவிலும் கழுத்திலும் கயிறே கூடாது என்கிறது. பொம்மை ஜாக்கெட்டில் கயிறு வேறு வேஷத்தில் வரும். குரங்கு வால், யானைத் துதிக்கை, முயலுக்குக் கழுத்தில் கட்டிய ரிப்பன். பின்னால் ஒரு சாண் வால் தொங்குவது போட்டோவுக்கு அழகு. பேருந்துக் கதவுக்கும் எஸ்கலேட்டருக்கும் அது கயிறுதான். நீளமான வால் உள்ளதை வாங்காதீர்கள். வாங்கிவிட்டிருந்தால் வெட்டிவிடுங்கள், பிள்ளை அழுதாலும் பரவாயில்லை.

பொம்மைப் பாடத்தில் முக்கியமானது கண். மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளின் பொம்மையிலிருந்து கழன்று வரும் எந்தத் துண்டும் ஒரு குறிப்பிட்ட சோதனைக் குழாய்க்குள் முழுதாக அடங்கிவிடக் கூடாது. அந்தக் குழாயின் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். நம் பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர், அதற்குள் தாராளமாகப் போய்விடும். அதாவது பத்து ரூபாய் நாணயம் அளவுள்ள பட்டன் கண்கூடத் தொண்டை அடைக்கும் சாமான்தான். ஐரோப்பியப் பொம்மைத் தரமான இ.என். 71இல் ஆறு மில்லிமீட்டரை விடப் பெரிய கண்ணைப் பிடித்து 90 நியூட்டன் விசையில், ஏறக்குறைய ஒன்பது கிலோவைத் தொங்கவிட்டது போல, பத்து விநாடி இழுத்துப் பார்ப்பார்கள். தையலை 70 நியூட்டனில் இழுப்பார்கள். வீட்டில் அந்த மெஷின் இருக்காது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். கண்ணையும் மூக்கையும் பிடித்து உங்கள் முழுப் பலத்தோடு திருகி இழுங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். எம்பிராய்டரிக் கண் என்றால் இந்தக் கவலையே இல்லை. உங்கள் மகளுக்கு நாலு வயது ஆனாலும், கீழே தவழ்ந்து வந்து கையில் கிடைத்ததை வாயில் போட எட்டு மாதத்து ஆள் ஒருவர் இருக்கிறாரே.

இந்தியாவில் பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020இல் வந்தது; 2021 ஜனவரி 1 முதல் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 'இது உடுப்புங்க, பொம்மை இல்லைங்க' என்று சொல்லி அந்தக் கேள்வியிலிருந்து நழுவுகிற விற்பனையாளரிடம் நான் வாங்க மாட்டேன். பொம்மை என்று படம் போட்டு விற்கிறவர் பொம்மைக்குரிய பதிலையும் சொல்ல வேண்டும் அல்லவா?

கண்ணுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கும்போது ஊசி உடைந்தால் லைனில் அந்த மெஷினை நிறுத்திவிடுவார்கள். உடைந்த துண்டுகளை எல்லாம் காந்தம் வைத்துத் தேடி எடுத்து, ஒரு நோட்டில் ஒட்டுப்பசை டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியின் உருவம் சேர்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி கிடைக்கும். நுனி கிடைக்கவில்லை என்றால் அந்தப் பீஸ் வெளியே போகாது. கடைசியில் எல்லாப் பீஸும் ஊசி டிடெக்டர் வழியாகப் போகும். ஜிப் ரன்னர் இரும்பாக இருந்தால் டிடெக்டர் ஒவ்வொன்றுக்கும் கத்தும், எந்தக் கத்தல் ரன்னருக்கு, எந்தக் கத்தல் ஊசிக்கு என்று தெரியாது. அதனால்தான் இந்த வகைக் குழந்தை உடுப்பில் இரும்பு ரன்னர் இல்லாத பிளாஸ்டிக் அல்லது நைலான் ஜிப் போடச் சொல்வோம். சாதாரணச் சட்டையில் ஊசி நுனி தங்கினால் அயர்ன் பண்ணும்போதாவது கையில் தட்டுப்படும். அடைத்த முயல் தலைக்குள் தங்கினால் யாருக்கும் தெரியாது. உள்ளூர் டெய்லரிடம் தைக்கக் கொடுத்தால் வாங்கி வந்ததும் தலையையும் காதையும் அங்குலம் அங்குலமாக அமுக்கிப் பாருங்கள், ஒரு காந்தத்தையும் தடவிப் பாருங்கள்.

ஃப்ளீஸ் பாலியெஸ்டர். தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டும். தீபாவளிக்கும் கார்த்திகை விளக்குக்கும் முயலுக்கு லீவு கொடுத்துவிடுங்கள்.

வெயில் கணக்கு ஒன்று இருக்கிறது. கோவையில் ஃப்ளீஸ் ஜாக்கெட் எத்தனை நாள் போடுவீர்கள்? மார்கழியில் காலை பள்ளி வேனுக்கு ஒரு மணி நேரம், மலைக்குப் போனால் இரண்டு நாள், ஏ.சி. பெட்டியில் ராத்திரி. மீதி நாளெல்லாம் அது பொம்மையாகத்தான் இருக்கும். ஏ.சி. பெட்டியில் இன்னொரு வேடிக்கை நடக்கும். குளிருகிற நேரம்தான் தூங்குகிற நேரம். ஜாக்கெட்டைப் போட்டுவிட்டால் தலையணை இல்லை, தலையணையாக மடித்தால் பிள்ளை நடுங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டியிருக்கும்போது 'ரெண்டும் ஒண்ணுல' என்பதால் என்ன லாபம்? உங்கள் ரயில் பயணத்துக்கு என்றால் நான் ஜாக்கெட்டைச் சொல்ல மாட்டேன், தலையணையாகும் சால்வையைச் சொல்வேன். ரயில்வே கம்பளி கிடைத்தால் அதைப் போர்த்திக்கொண்டு இதைத் தலைக்கு வைக்கலாம், கிடைக்காவிட்டாலும் வெயிட்டிங் ஹாலிலும் இதையே விரித்துப் போர்த்திக்கொள்ளலாம். தைக்கவும் எளிது. அமெரிக்காவில் குயில்ட் எனும் அடுக்குப் போர்வை தைக்கிறவர்கள் இதைக் 'குயில்லோ' என்பார்கள். ஆறு நேர்த் தையல் வந்தால் போதும், நீங்களே தைத்துவிடலாம்.

திருப்பூர் காதர்பேட்டை பக்கமோ, உங்கள் ஊரில் கட்பீஸ் கிடைக்கும் கடையிலோ ஃப்ளீஸ் எடுங்கள். சால்வைக்கு 100க்கு 140 சென்டிமீட்டர். பாக்கெட் தைத்து முடித்தபின் 36 சென்டிமீட்டர் சதுரம் வரும்படி, சுற்றிலும் ஒன்றரை சென்டிமீட்டர் தையலுக்கு விட்டு வெட்டுங்கள். பாக்கெட் துணியில் முயல் முகத்தைத் தைப்பதென்றால் இப்போதே தைத்துவிடுங்கள், பிறகு கை நுழையாது. பின்பக்க நூல் மறைய, அதே அளவு காட்டன் துணி ஒன்றை முகத்தின் மேல் வைத்து, கை நுழைய இடம் விட்டுச் சுற்றிலும் தைத்து, முகம் வெளியே வரும்படி உருவித் திருப்பிக்கொள்ளுங்கள்.

சால்வையின் பின்பக்கம் மேலே தெரியும்படி தரையில் விரியுங்கள். 100 சென்டிமீட்டர் உள்ள ஒரு விளிம்பின் நடுவில் பாக்கெட்டை வையுங்கள். இங்கேதான் எல்லோரும் தவறு செய்வார்கள். முயல் முகம் நம்மைப் பார்க்கக் கூடாது, சால்வையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்க வேண்டும். கை தானாக முகத்தை மேலே வைக்கத்தான் போகும், எனக்கே போயிருக்கிறது. சால்வை விளிம்போடு ஒட்டிய பக்கத்தையும் இரண்டு ஓரங்களையும் தையுங்கள். சால்வையின் நடுவைப் பார்த்த பக்கம் திறந்தே இருக்க வேண்டும். திறந்த பக்கத்தின் இரண்டு மூலையிலும் மூன்று நான்கு முறை ரிவர்ஸ் அடியுங்கள், பிள்ளை இழுக்கும் இழுப்பெல்லாம் அங்கேதான் விழும்.

மடிப்பது இப்படி. சால்வையைப் பாக்கெட் கீழே இருக்கும்படி திருப்பிப் போட்டு, இரண்டு ஓரத்தையும் நடுவுக்குக் கொண்டுவந்து நீளவாக்கில் மூன்றாக மடியுங்கள். பாக்கெட்டுக்குள் கைவிட்டு அடிமூலைகளைப் பிடித்து உள்புறம் வெளியே வரும்படி புரட்டுங்கள். முயல் முகம் வெளியே வரும். மிச்சத் துணியை மூன்றாக மடித்து உள்ளே தள்ளுங்கள். பாக்கெட்டோடு ஒட்டிய பகுதியையும் சேர்த்தால் நீளவாக்கில் நாலு மடிப்பு. மூன்றும் நாலும் பெருக்கினால் பன்னிரண்டு அடுக்கு, மூன்றரை சென்டிமீட்டர் உயரம். நாலு வயதுக் கழுத்துக்கு அந்த உயரம் போதும். விரித்திருக்கும்போது அதே பாக்கெட்டில் காலை நுழைத்துக்கொள்ளலாம். ஜிப் கிடையாது, பட்டன் கிடையாது, வெல்க்ரோ கிடையாது. கழன்று விழ எதுவுமே இல்லை.

இல்லை, ஜாக்கெட்தான் வேண்டும், பிள்ளை பார்த்துவிட்டாள் என்கிறீர்களா? சரி. அப்படியானால் ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள். இந்த வயதில் பிள்ளைகள் வருடத்துக்கு ஐந்திலிருந்து ஏழு சென்டிமீட்டர் உயருவார்கள். மணிக்கட்டில் ரிப் பட்டை இரட்டையாக மடித்துவிட நீளம் இருந்தால் இரண்டு மார்கழி ஓடும். தோள் தையல் கழுத்திலிருந்து சாய்வாக அக்குளுக்கு இறங்கும் ராக்லன் கையானால் பெரிய அளவும் தொளதொளவென்று தெரியாது. வாங்கியதும் மகளிடமே மடிக்கக் கொடுத்துப் பாருங்கள். அவளால் தானே மடிக்கவும் பிரிக்கவும் முடியவில்லை என்றால், ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் முயல் செய்து தரவேண்டும். பத்தாவது முறை உங்களுக்கே சலித்துவிடும்.

துவைக்கும்போது விரித்துத்தான் துவைக்க வேண்டும். தலைக்குள் ரெக்ரான் எனும் பாலியெஸ்டர் பஞ்சு இருந்தால் துணி காய்ந்த பிறகும் தலை ஈரமாகவே இருக்கும். கையால் பிழிந்து, தலை முழுதாக உலரும்வரை காயப்போடுங்கள். இலவம் பஞ்சு அடைத்து யாராவது தைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். தலையணைக்கு அதைப்போல் சுகம் கிடையாது, ஆனால் தண்ணீர் பட்டால் கட்டி கட்டியாகிவிடும்.

துணியையும் தையலையும் தாண்டி ஒரு சிக்கல் இருக்கிறது. பேட்டர்ன் டேபிளில் நிற்கும்போது அது எனக்குத் தெரியாது. அந்த முயல் ஹூடி ஆர்டர் கடைசியில் வரவே இல்லை. கடைசி சாம்பிளில் தலையைக் குல்லாவுக்கு மாற்றியிருந்தோம், நன்றாகவே வந்திருந்தது. அதைக் குன்னூரில் இருக்கும் மகள் வழிப் பேத்திக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மடித்து முயலாகத்தான் கொடுத்தேன், அதுதான் நான் செய்த தப்பு. இரண்டு நாள் முயலோடு சாப்பிட்டாள், முயலோடு தூங்கினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் குளிர் அதிகமாக இருந்தது. "வா கண்ணு, இதைப் பிரிச்சா உனக்கு ஸ்வெட்டர்" என்று ஜிப்பில் கைவைத்தேன். வீடே அதிர்ந்துவிட்டது. "அப்புச்சி, பிரிக்காதீங்க, அதுக்கு வலிக்கும்!" என்று முயலைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். கடைசியில் பழைய ஸ்வெட்டரைத்தான் போட்டுவிட்டோம்.

பிறகு ஒரு டாக்டர் நண்பர் சொன்னார், டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1950களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று. அம்மா பக்கத்தில் இல்லாத நேரத்துக்குப் பிள்ளை பிடித்துக்கொள்ளும் ஒரு பொருள் உண்டு. அதை மற்றவர்கள் மாற்றினால், சில சமயம் துவைத்தால்கூட, பிள்ளை தாங்காது. அப்படிப்பட்ட ஒன்றைத் தினமும் குடலை உருவிச் சட்டையாக்கு என்றால் எப்படி? அதனால் நீங்கள் வாங்கினால் முதலில் ஜாக்கெட்டாகக் கொடுங்கள். ஒரு வாரம் போட்டுப் பழகட்டும். பிறகு அதற்குள் ஒரு முயல் ஒளிந்திருப்பதை அவளே கண்டுபிடிக்கட்டும். அந்த வரிசையில் போனால் முயல் வருவது வித்தை, பிரிவது சாவு இல்லை. தைக்கக் கொடுப்பதானால் தலையைத் தனியாகக் கழற்றி மாட்டும்படி செய்யச் சொல்லுங்கள், உடுப்பு துவைக்கப் போகும் அன்று தலையாவது அவள் கையில் இருக்கும்.

என் பேத்திக்கு இப்போது ஒன்பது வயது. அந்த ஹூடி அவளுக்கு முழங்கைக்கு மேல் ஏறாது. போன பொங்கலுக்கு வந்தபோது முயலைக் கொண்டுவந்திருந்தாள். ஜிப் பல் இரண்டு போய்விட்டது, வயிறு பிளந்துகொள்கிறது, தைத்துக் கொடுங்கள் அப்புச்சி என்றாள். புது ஜிப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், மூடியே தைத்துவிடுங்கள் என்றாள். கையால், கண்ணுக்குத் தெரியாத தையலாகப் போட்டு மூடிக் கொடுத்தேன். கை இரண்டும், ராக்லன் தோளும், ரிப் பட்டையும் உள்ளே அப்படியே இருக்கின்றன.